கணப்புப் பலகையில் ஏழு துளைகள்

எனக்கும் பெவர்லிக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். எல்லாம் ஒரே கல், ஒரே கூரை. அவள் வீட்டு முன்னறைக் கணப்பும் என் வீட்டு முன்னறைக் கணப்பும் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்திருந்தன. புகைபோக்கிகள் இரண்டும் சுவருக்குள் அருகருகே ஏறிக் கூரைக்குப் போயின. இடையில் அரைச் செங்கல் கனம்தான். அங்கே பூசிய சுண்ணாம்பு எந்தக் காலத்திலோ உதிர்ந்துவிட்டிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வேண்டுமானால் கணப்பின் பின்சுவரில் நெருப்புக் கிளறும் கம்பியால் மூன்று தட்டு தட்டுவது இந்தத் தெரு வழக்கம். தட்டினால் கேட்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெவர்லி தன் கணப்பின் முன் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே எனக்குக் கேட்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இருபத்தோரு வருஷமாக அதை நான் அவளிடம் சொல்லவில்லை. முதலில் வெட்கம், பிறகு பழக்கம். உண்மையைச் சொன்னால், அது இல்லாமல் எனக்குச் சாயங்காலம் ஓடாது. என் வீட்டுக்காரருக்கு ஆலையில் இரவு ஷிஃப்ட். பிள்ளைகள் படிக்க வெளியூர் போய்விட்டார்கள். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வரும்போது, தேநீரோடு கணப்பின் ஓரம் உட்கார்ந்தால் முதலில் காற்று முனகும், அதற்குள்ளிருந்து மெல்ல அவள் குரல் வரும்.

பெவர்லி பிறந்ததே அந்த வீட்டில்தான். பதினாறு வயதில் கீழே ஊருக்குள் இருக்கும் டாஃபி தொழிற்சாலையில் சேர்ந்தாள். இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு நாற்பத்து நாலு, அப்போதும் அங்கேதான். டாஃபிக்கு வண்ணத்தாள் சுற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, கோணலாகச் சுற்றியதைப் பொறுக்கி எடுக்கும் வேலை. கோணல் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. என் ஜன்னல் திரை அரை விரல் ஏறியிருந்தால் தெருவிலிருந்தே கை காட்டுவாள். ஆஸ்பத்திரித் தையல் அறையில் வாழ்நாளெல்லாம் திரை தைத்த என்னிடம் இது! ஒருநாள் நன்றாகத் திட்டிவிட்டேன். "சரி கண்ணு" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இந்தக் "கண்ணு" எனக்கு ஆகவே ஆகாது. இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் கண்ணுதான். பஸ் ஓட்டுபவனுக்கு நான் கண்ணு, மீன் பொரிக்கிறவனுக்குக் கண்ணு, பல் பிடுங்குகிற டாக்டருக்கும் கண்ணு. முன்பின் தெரியாதவனுக்கு நான் எந்த வகையில் கண்ணு? இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதை யாருக்கும் நான் திருப்பிச் சொன்னதில்லை. என் பிடிவாதம் அப்படி.

கோர்டன் என்று ஒருவன் ஆறு வருஷம் நிச்சயதார்த்த மோதிரத்தோடு அவளைக் காக்க வைத்துவிட்டு, பக்கத்து ஊரான பிரிக்ஹவுஸில் முடி வெட்டும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அப்பா போனார். பிறகு அம்மா. வீட்டில் அவளும் அந்தக் கணப்பும்தான் மிச்சம்.

கணப்பு என்றால் சும்மா கணப்பு இல்லை. இரும்பில் வார்த்த அழகான சட்டம், இரண்டு பக்கமும் அல்லிப்பூ போட்ட பச்சை ஓடுகள், முன்னால் ஒரே கல்லில் வெட்டிய மேடை. வீட்டுக்குக் கேஸ் ஹீட்டர் வந்த பிறகு பதினேழு வருஷமாக அதில் ஒரு தீக்குச்சி எரிந்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெவர்லி மண்டியிட்டு உட்கார்ந்து, டப்பாவிலிருந்து கருப்புப் பாலிஷை எடுத்து இரும்பு முழுக்கத் தேய்த்து, பிரஷ்ஷால் மெருகேற்றாமல் வேலைக்குக் கிளம்பியதில்லை. அவள் அம்மாவும் அப்படித்தான். செத்துப்போன வாரம்கூட அந்த அம்மாள் பாலிஷ் போட்டாள். எரியாத கணப்புக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?" என்றாள் பெவர்லி. அந்த வீட்டுக்கு வருகிற யாராவது நான் ஒருத்திதான்.

ஒரு நவம்பர் சாயங்காலம், காற்றின் முனகலுக்கு நடுவே, அவள் குரல் வேறு மாதிரி வந்தது. தணிந்து, வளைந்து, தூக்கத்தில் பேசுவதைப் போல.

"அங்க போகாத கண்ணு. கை சுடும்." பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "சும்மா சொன்னேன். இப்பல்லாம் சுடாது. ஆனாலும் போகாத. இங்க வா, மடில உக்காரு. மழை பேயுது பாரு."

யாரோ குழந்தையோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவள் ஜன்னல் ஓரத்தில் கழுவிக் கவிழ்த்திருந்தது ஒரே ஒரு கோப்பை. அதற்கடுத்த நாளும் குரல் வந்தது. குழந்தைக்குப் பேர் இல்லை, வெறும் கண்ணுதான். அதற்குப் பல் முளைத்தது, காய்ச்சல் வந்து போனது, பாதாளம் வரை போகும் படிக்கட்டு ஒன்றைப் பற்றி நீளமாக ஒரு கதை கேட்டுத் தூங்கியும் போனது. நான் தேநீர் ஆறுவது தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். சில நாள் எனக்கே அந்தக் குழந்தையின் முடி என்ன நிறம் என்று தெரிந்தது போல இருக்கும். பைத்தியம் அவளுக்கா எனக்கா?

இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் பின்சுவரில் மூன்று தட்டு. போனேன். மேஜைமேல் உள்ளூர்ச் செய்தித்தாளிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று. அம்மா அப்பா வேண்டிய குழந்தைகள் இருக்கிறார்கள், தத்தெடுக்க விருப்பமுள்ளவர்கள் எழுதலாம் என்று போட்டிருந்தது.

"எழுதிட்டேன் அரசி. தனி ஆளா இருந்தாலும் பரவால்லையாம். உன் பேரைத்தான் சாட்சிக்குக் குடுத்திருக்கேன், என்னைப் பத்திச் சொல்ல. நல்லதா நாலு வார்த்தை சொல்லுவியா?"

"திரைச்சீலையைப் பத்தியும் சொல்லுவேன்" என்றேன். சந்தோஷத்தை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

வகுப்புகள், படிவங்கள், குழுவின் முன் விசாரணை என்று ஒரு வருஷம் ஓடியது. கடைசியில் கர்ஸ்டி என்ற பெண் குழந்தையைப் பெவர்லிக்கென்று சொன்னார்கள். பதினாலு மாதம். அதுவரை மூன்று வீடு மாறியவள். அழுவதே இல்லையாம், மழலைகூடப் பேசுவதில்லையாம். வளர்ப்பு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பெவர்லி, "என் விரலைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா. ஒரு சத்தம் இல்லை" என்றாள். அன்றைக்குக் கணப்பு வழியே வந்த பேச்சில் முதல் தடவையாகப் பேர் இருந்தது.

கடைசியாக மிச்சமிருந்தது வீட்டுச் சோதனை. அதற்கு வந்தவள் வென்டி. குழந்தைகள் நலத்துறைக்காரி. சளி பிடித்த மூக்கு, பெரிய பை, கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கும் பார்வை. மாடிப்படி, மருந்து அலமாரி, கொல்லைக் கதவு எல்லாம் பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்து நின்றாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். குனிந்து, கல்மேடையின் கூர் விளிம்பில் உள்ளங்கையை வைத்தாள். "நடை பழகுற குழந்தை விழுந்தா நெத்தி சரியா இங்க வரும். இந்தக் கம்பி முனைங்க கண்ணுக்கு நேரா. அந்த ஓடு ஆடுது. மேலேருந்து கரி உதிரும். இதைச் சரி பண்ணாம நான் கையெழுத்துப் போட முடியாது பெவர்லி. தப்பா நினைக்காதீங்க."

பெவர்லி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு ட்ரெவர் கட்டட வேலைக்காரன். கேள்விப்பட்டு வந்தான். "இடிச்சுத் தள்ளிடலாம் கண்ணு. பலகை அடிச்சு மேல காகிதம் ஒட்டினா, கணப்பு இருந்ததே யாருக்கும் தெரியாது. அரை நாள் வேலை" என்றான். பெவர்லி அவனைத் தேநீர்கூடக் குடிக்க விடாமல் துரத்தினாள். கடையில் விளிம்புக்கு ஒட்டும் சாம்பல் நிற நுரைப் பட்டை விற்றார்கள். ஒட்டிப் பார்த்தோம், கல்மேடைக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. கம்பிக் கூண்டு ஒன்றும் வாங்கி வந்தாள். அதை முன்னால் வைத்து எட்ட நின்று பார்த்துவிட்டு, "உள்ள சிங்கம் எங்க?" என்றாள். மறுநாளே திருப்பிக் கொடுத்தாயிற்று.

"குழந்தை இந்த வீட்டுக்கு வரப்ப வீடு அசிங்கமா இருக்கக் கூடாது அரசி. அது மூணு வீடு பாத்தாச்சு. இது வேற மாதிரி இருக்கணும்."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் உள்ளே போனபோது அவள் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். நாற்பத்து நாலு வயது, முழங்காலில் வாதம், ஸ்வெட்டரெல்லாம் நூல் தூசி.

"நீயும் வா" என்றாள். "அவ உயரத்துலேருந்து பாத்தாத்தான் தெரியும்."

விளக்குப் போடாத அறை. வெளியே மூடுபனி ஜன்னலோடு ஒட்டி நின்றது. இரண்டு கிழட்டுக் குழந்தைகளாகக் கம்பளத்தின் மேல் தவழ்ந்துபோனோம். கீழேயிருந்து பார்க்கும்போது நாற்காலிகள் உயர்ந்து தூரமாகிவிட்டன. கணப்பு ஒரு பெரிய வீட்டின் வாசலாகத் தெரிந்தது, யாரோ இப்போதுதான் உள்ளே போன மாதிரி. தலையை உள்ளே நீட்டி மேலே பார்த்தால் எங்கோ உயரத்தில் ஒரு துளி சாம்பல் வெளிச்சம். காற்று எங்கள் முகத்தில் மெல்ல மூச்சு விட்டது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோம் என்று தெரியாது.

"நான் சின்னதா இருக்கறப்ப இதுக்குள்ள ஒரு ஊர் இருக்குன்னு நினைச்சுப்பேன்" என்றாள் பெவர்லி. "இடிக்க மாட்டேன். மூடறேன். ஆனா வாசலா மூடறேன்."

அதன் பிறகு மூன்று வாரம் வேலை. புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் வந்து இரண்டு வாளி காக்கைக்கூட்டுச் சுள்ளிகளை இறக்கி, உச்சியில் மூடி போட்டார். ஆடின ஓடு ஒட்டப்பட்டது. கம்பி, இடுக்கி, பித்தளைச் சுரண்டி எல்லாம் நிலவறைக்குப் போயின. மேல்தட்டிலிருந்த கனமான கடிகாரம் அலமாரிக்குள் போனது. கல்மேடைக்கு நான் மெத்தை தைத்தேன். மூன்று விரல் கனம், பாசி நிற வெல்வெட், விளிம்பில் கயிறு வைத்த தையல், குழந்தை இழுத்தால் வராதபடி அடியில் ஒட்டுப்பட்டை. யாராவது வந்தால் உட்காரப் போட்ட இருக்கை என்றே நினைப்பார்கள். என் கையால் தைத்ததில் அதற்குத்தான் நான் அதிகம் பெருமைப்படுகிறேன்.

பலகை அவளுடையது. கணப்பின் வளைவுக்குச் சரியாக வெட்டிய மரப்பலகை, உள்பக்கம் இரண்டு கொக்கி. பதினாறு வயதிலிருந்து டாஃபித் தாள்களை அவள் சேர்த்து வைத்திருந்தாள்: ஊதா, தங்கம், பச்சை, செம்பு நிறம். அவற்றை இதழ் இதழாக வெட்டி ஏழு பெரிய பூக்கள் ஒட்டி, மேலே ஆறு பூச்சு வார்னிஷ் அடித்தாள். சாயங்கால வெளிச்சம் பட்டால் பூக்கள் தாமாக எரிவது போலிருக்கும்.

ட்ரெவர் கோபம் மறந்து எட்டிப் பார்த்தான். "காத்துப் போக ஓட்டை வைக்கணும் கண்ணு. முழுசா அடைச்சா சுவர் வேர்த்துப் பூஞ்சை புடிக்கும்."

"ஓட்டையா? என் பூவுலயா?" பெவர்லி ஒற்றைக்காலில் நின்றாள்.

"பூ நடுவுல வைச்சா ஓட்டைன்னு யாருக்குத் தெரியும்? மகரந்தம்னு நினைப்பாங்க. குழந்தை விரல் நுழையாத அளவுக்குப் போட்டா போதும்" என்றேன் நான். ஏழு துளைகள் விழுந்தன. கரி உதிராமல் பின்னால் கம்பி வலை அடித்தாயிற்று. சுவரின் நலத்துக்காக மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வென்டி வந்து பார்த்தாள். மெத்தையை அழுத்தினாள், பலகையை இழுத்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, "எங்க வீட்டுக்கு ஒண்ணு பண்ணித் தருவீங்களா?" என்றாள். கர்ஸ்டி முதல் தடவையாக அந்த வீட்டுக்கு வரும் நாளைக் குறித்தார்கள். அன்று ஒரு பகல் முழுக்க இருப்பாள். எல்லாம் சரியாகப் போனால் அடுத்த புதன்கிழமை பெட்டி படுக்கையோடு வந்துவிடுவாள்.

குறித்த நாள் வெள்ளிக்கிழமை.

சாட்சி என்ற முறையில் நானும் பத்து மணிக்கே போய்விட்டேன். பெவர்லி பார்க்கின் கேக் சுட்டிருந்தாள். ஓட்ஸும் இஞ்சியும் வெந்த வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

வென்டி குழந்தையைக் கம்பளத்தில் இறக்கிவிட்டாள். வெளிறின தலைமுடி, பெரிய காது, யாரையும் நம்பாத கண். கர்ஸ்டி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பெவர்லியைப் பார்த்தாள். பிறகு ஏழு பூக்களைப் பார்த்தாள். பார்த்ததும் நேரே தவழ்ந்து போனாள். மெத்தையில் ஏறினாள், வழுக்காமல், இடிக்காமல். பெவர்லி மூச்சுவிடாமல் என் கையைப் பிடித்திருந்தாள். குழந்தை எழுந்து நிற்பதற்குப் பலகைக்கு வெளியே இருந்த இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. பளபளவென்று கண்ணாடியாக மின்னும் சட்டம். அதில் தன் முகத்தைப் பார்த்ததோ என்னவோ, வாயைத் திறந்து ஒரு நக்கு நக்கியது.

திரும்பினபோது கை கருப்பு, கன்னம் கருப்பு, உதடு, பல், நாக்கு எல்லாம் கருப்பு.

காலையில் ஏழு மணிக்குப் பெவர்லி என்ன செய்திருப்பாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"என்ன அது?" வென்டி பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். அவள் வெளிர்நிறப் பாவாடையில் ஐந்து விரல் பதிந்தது. "என்ன பூசியிருக்கீங்க அதுல?"

"பாலிஷ்" என்றாள் பெவர்லி. முகத்தில் ரத்தமே இல்லை. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஆள் வராங்களேன்னு... கொஞ்சம் கூடவே போட்டேன். பலகைக்குப் பின்னாலயும் போட்டேன்."

"யாரும் பாக்காத இடத்துலயா?" என்றாள் வென்டி.

"எனக்குத் தெரியுமே."

டப்பாவை எடுத்து வந்து நான்தான் படித்தேன். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பெவர்லி ஈரத்துணியால் குழந்தையின் நாக்கையும் விரல்களையும் துடைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து கொட்டியது. வென்டி டாக்டருக்கு போன் செய்தாள். ஒரு நக்குதானே, ஒன்றும் ஆகாது, தண்ணீர் கொடுத்துக் கவனியுங்கள் என்றாராம். ஆனாலும் அவள் பையைத் திறந்து தாளை எடுத்துவிட்டாள்.

"இதை நான் எழுதியாகணும் பெவர்லி."

"எழுதுங்க. நான் செஞ்சதுதான்."

"குழந்தை பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு வீடு தோணுதோன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

பெவர்லி ஈரத்துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். தனக்காக வாதாட மாட்டாள், அவளைப் பற்றி எனக்குத் தெரியும். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாதோ என்னவோ.

"நான் சொல்றேன், எழுதிக்குங்க. இவ அந்தக் கணப்பு முன்னாடி உக்காந்து பேசறது என் வீட்டுல கேக்கும். மூணு வருஷமா தினம் சாயங்காலம் இல்லாத ஒரு குழந்தைகிட்ட பேசறா. அங்க போகாதங்கறா, மடில உக்காருங்கறா, கதை சொல்றா. ஆள் இல்லாத இடத்துல, யாரும் கேக்கலைன்னு நினைச்சுக்கிட்டு. ஒருநாள், ஒரே ஒருநாள்கூட அந்தக் குரல் ஏறினதில்லை. இந்த மாதிரி ஒரு சாட்சி உங்களுக்கு வேற எந்த வீட்டுல கிடைக்கும்?"

வென்டி எழுதுவதை நிறுத்தினாள். பெவர்லி என் பக்கம் திரும்பவே இல்லை.

வென்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னதாகவே கிளம்பினாள். கார் வளைவில் மறைந்த பிறகு பெவர்லி கேட்டாள்.

"மூணு வருஷமாவா?"

"பேச்சுக் கேக்கறது இருபத்தோரு வருஷமா."

"கோர்டன் போனப்பவும்?"

"அப்பவும்."

"அம்மா செத்த அன்னிக்கும்."

"ஆமா பெவ்."

வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணு என்று சொல்லவில்லை. நான் என் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் பேச்சில்லை. மறுநாள் காலையில் கம்பி பிரஷ் இரும்பைச் சுரண்டும் சத்தம் வந்தது. கர்ர் கர்ர் என்று மணிக்கணக்காக. இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும். அவளும் அவள் அம்மாவும் அறுபது வருஷம் ஏற்றின கருப்பு அது. சுரண்டுகிற சத்தம் நிற்கும், கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது, மறுபடி தொடங்கும். நடுவில் அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கணப்பை விட்டுத் தள்ளிப்போய் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை வந்தது. குழந்தை வரவில்லை. மழைதான் வந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், பின்சுவரில் மூன்று தட்டு. கம்பிதான் நிலவறையில் இருக்கிறதே, ஏதோ கரண்டியால் தட்டியிருக்கிறாள், சத்தம் மெலிசாக இருந்தது. செருப்பு மாட்ட மறந்து ஓடினேன்.

முன்னறையில் வென்டி நின்றிருந்தாள். கணப்பைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இரும்பெல்லாம் பாலேட்டின் நிறம். வழவழப்பான பெயின்ட், கொடியும் இலையும் வார்த்த வேலைப்பாடு ஒவ்வொன்றும் இப்போதுதான் பிறந்த மாதிரி தெரிந்தது. கருப்பு இருந்த காலத்தில் அந்த இலைகளை நான் கவனித்ததே இல்லை. நடுவில் ஏழு பூக்கள்.

வென்டி கைக்குட்டையை எடுத்துச் சட்டத்தில் மேலிருந்து கீழ்வரை அழுத்தித் துடைத்தாள். துணி வெள்ளையாகவே வந்தது.

"பாலிஷ் டப்பா?" என்றாள்.

"குப்பைல போட்டாச்சு" என்றாள் பெவர்லி. "வெள்ளிக்கிழமை கை என்ன செய்யும்னுதான் தெரியலை."

வென்டி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "அன்னிக்கு நடந்ததை எழுதினேன். இவங்க சொன்னதையும் எழுதினேன். இன்னொண்ணும் எழுதினேன். கார்ல ஏத்தினதும் கர்ஸ்டி அழுதா. அடக்க முடியலை, ஊர் வரைக்கும் அழுதா. மூணு வீட்டுலேருந்து அந்தக் குழந்தையைத் தூக்கிட்டுப் போயிருக்கேன் நான். ஒருதடவைகூட அழலை. எங்கேருந்து போனாலும் ஒண்ணுதான்னு நினைச்சிருக்கும். இங்கேருந்து போறப்பதான்..." மறுபடி மூக்கைச் சிந்தினாள். சளியா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை. "திங்கக்கிழமை கொண்டு வரேன்."

அவள் போன பிறகு பெவர்லி மெத்தையின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

"ஓட்டையை அடைச்சிடட்டுமா?" என்று நான்தான் கேட்டேன். "பஞ்சு வைச்சா கேக்காது."

பூவின் நடுத் துளையை விரலால் தடவினாள். "சுவர் வேர்க்கும்" என்றாள். பிறகு, "கண்ணு" என்றாள்.

கர்ஸ்டி வந்தாள். நடந்தாள், விழுந்தாள், மெத்தையில் விழுந்தாள். அழக் கற்றுக்கொண்டவள் அதை நன்றாகவே செய்தாள். ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. கோடை போனது. இலையுதிர்ந்தது. வெள்ளிக்கிழமை காலைகளில் பெவர்லி கஞ்சிக் கிண்ணத்தை இரண்டு தடவை கழுவுவதாகச் சொன்னாள்.

மறுபடி நவம்பர். நாலு மணி, மூடுபனி தெருவை எடுத்துக்கொண்டுவிட்டது. தேநீரோடு கணப்பின் ஓரம் உட்கார்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் பெவர்லி சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம். பிறகு பலகையின் மேல் சின்னக் கை தட்டியது. ஒன்று, இரண்டு. கொஞ்சம் யோசித்து, மூன்று.

நான் அசையவில்லை. துளையில் வாயை வைத்து யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"கண்ணு?" என்றது குரல்.

மேலே காற்று முனகி ஓய்ந்தது. நான் முழங்கால் வலியோடு மண்டியிட்டு, என் கணப்புக்குள் தலையை நீட்டி, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

"என்ன கண்ணு?"